இருட்டுமுன் போய்ச் சேருங்கள்: கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் கேரவன், கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சாமானை ஏற்றி, காராக் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஜண்டா பைக் போய்ச் சேர்ந்தால் டார்ச் வெளிச்சத்தில்தான் இடம் தேட வேண்டும். எது மேடு, எது பள்ளம், ஆறு எவ்வளவு பக்கம், தலைக்கு மேல் என்ன மரம், எதுவும் தெரியாது. தூங்கப்போன குடும்பங்களுக்கு நடுவே முளை அடிக்கும் சத்தம் வேறு. புதிதாகப் போகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாமதமாகப் போவதாலும் முன்கூட்டியே கேட்காததாலும் வருபவை.

கீழே சொல்பவை கூடாரக்காரர்களுக்கும், கேம்பர்வேன் (உள்ளே படுக்கை வைத்த வேன்) வாடகைக்கு எடுப்பவர்களுக்கும், காருக்குப் பின்னால் கேரவன் இழுத்துப் போகிறவர்களுக்கும் பொது. உலு லங்காட், செமினி, கோல குபு பாரு, ஜண்டா பைக் பக்கம் போகிறவர்களை நினைத்து எழுதியது. பினாங்கில் தெலுக் பாஹாங், பாலிக் பூலாவ் பக்கம் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்

விளம்பரப் படத்தில் ஆறும் மூடுபனியும் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து விழுந்து, ஒரு பண்ணையின் முகாம் தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை.

ஆகவே முதல் கேள்வி, "தளத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா, எந்த மன்றம் கொடுத்தது?" ஜண்டா பைக் என்றால் பெந்தோங் நகராண்மைக் கழகம். கோல குபு பாரு, பத்தாங் காலி என்றால் உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். உலு லங்காட், செமினி பக்கம் பெரும்பாலும் காஜாங் நகராண்மைக் கழகம். உரிமம் உள்ளவர் படம் எடுத்து அனுப்பிவிடுவார். "எல்லாம் ஓகே, கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வனத்துறைக்குச் சொந்தமான காட்டுக்குள் தங்குவது வேறு கணக்கு. அதற்கு அந்தந்த மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். வாசலில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

உரிமம் இருந்தாலும் சரிவை நீங்களும் பாருங்கள். தளத்துக்கு மேலே அண்மையில் வெட்டிய செம்மண் சுவர், சாய்ந்து நிற்கும் மரங்கள், மண்ணில் பிளவு, சரிவிலிருந்து கசியும் கலங்கல் தண்ணீர், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தச் சரிவின் அடியில் படுக்க வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும்.

2. பணம் கட்டுமுன் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டியவை

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதை அங்கே போய் நிரூபிக்க முடியாது.

லாட்டின் (உங்களுக்கென்று ஒதுக்கும் இடத்தின்) அளவு என்ன, நீளம் அகலம் அடிக்கணக்கில்? உங்கள் கூடாரத்தின் அளவோடு இழுகயிறுகளுக்காகச் சுற்றிலும் மூன்றடி கூட்டிக்கொள்ளுங்கள். 12 அடிக் கூடாரம் 12 அடி லாட்டில் நிற்காது. தரை புல்லா, மண்ணா, ஜல்லியா, பலகை மேடையா? பலகை மேடையில் முளை இறங்காது. தானாக நிற்கும் கூடாரமும் கயிறு கட்ட வளையமும் வேண்டும். கார் லாட் வரைக்கும் வருமா, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா?

கேரவன்காரர்கள் இன்னும் நாலைந்து கேட்க வேண்டும். உள்ளே வரும் பாதையின் அகலம், பாலம் இருந்தால் எவ்வளவு எடை தாங்கும், தாழ்ந்த கிளைகள், திரும்ப இடம். ஜண்டா பைக்கிலும் உலு லங்காட்டிலும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் ஆளைச் சோதிக்கும்: ஒரு வண்டி மட்டும் போகும் கம்போங் (கிராமத்து) சாலை, செங்குத்தான ஏற்றம், எதிரே இன்னொரு கார். "ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) மட்டும்" என்று தளத்தார் சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். மழை பெய்த பிறகு செம்மண் ஏற்றத்தில் சாதாரண வேன் ஏறாது.

பிறகு, தமிழ்க் குடும்பங்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்: பீர் அனுமதி உண்டா, பன்றி இறைச்சி கூடாதா, நாய் கொண்டு வரலாமா? பல தளங்களை மலாய்க் குடும்பங்கள் தங்கள் கம்போங் நிலத்தில் நடத்துகின்றன. அங்கே மதுவும் பன்றி இறைச்சியும் நாயும் கூடாது என்பது வழக்கமான விதி. முன்பே கேட்டால் இரண்டு பக்கமும் மரியாதை கெடாது. அனுமதி உள்ள தளங்களும் இருக்கின்றன. அதைத் தேடிப் போங்கள், இல்லாத இடத்தில் ஒளித்துக் குடிக்க வேண்டாம்.

3. செலவுக் கணக்கு

விலை இரண்டு விதமாகச் சொல்வார்கள். லாட்டுக்கு இவ்வளவு என்பது ஒன்று, தலைக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. லாட்டுக்கு ஓர் இரவு 40 முதல் 100 வெள்ளி (ரிங்கிட்), தலைக்கு 10 முதல் 25 வெள்ளி என்ற அளவில் எதிர்பார்க்கலாம். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு லாட் கணக்கு லாபம், இருவர் போனால் தலைக்கணக்கு. லாட் விலையில் எத்தனை பேர் அடக்கம், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, எத்தனை வயதுக் குழந்தை இலவசம் என்று கேட்காவிட்டால் வாசலில் கணக்கு ஏறும்.

விளம்பரத்தில் இல்லாத செலவுகளும் உண்டு: மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம், இரண்டாவது காருக்கு நிறுத்தக் கட்டணம், சாயந்திரம் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்குப் பகல் கட்டணம், விறகு, ஐஸ், திருப்பித் தரும் வைப்புத்தொகை. இந்த வைப்புத்தொகையை எந்தக் காரணத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். மழை வந்தால் பணம் திரும்புமா என்பதற்கு அநேகமாக "இல்லை, வேறு தேதிக்கு மாற்றலாம்" என்றுதான் பதில் வரும். எத்தனை நாளுக்கு முன் சொன்னால் மாற்றுவார்கள் என்பதுதான் முக்கியம்.

டுவிட்நவ் (போனில் பணம் அனுப்பும் வங்கிச் சேவை) வழியாகக் கட்டும்போது கணக்கின் பெயரைப் பாருங்கள். தளத்தின் பெயரோ உரிமத்தில் உள்ள பெயரோ வராமல் சம்பந்தமில்லாத பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, கூகள் வரைபடத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். கையில் 100 வெள்ளியாவது ரொக்கமாக வைத்திருங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விட்டால் கியூஆர் வேலைக்கு ஆகாது.

4. ஆவணங்கள்

கூடாரக்காரர்களுக்கு ஐசியும் (அடையாள அட்டை) பணம் கட்டிய ரசீதும் போதும். பெயர்ப்பட்டியல் கேட்கும் தளங்களுக்கு எல்லார் பெயரையும் ஐசி எண்ணையும் முன்பே அனுப்பிவிடுங்கள். வெள்ளமோ மண்சரிவோ வந்தால் உள்ளே எத்தனை பேர் என்று மீட்புக்குழு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எண்ணும். கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்ட மச்சானின் பெயரையும் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படிக்க வேண்டும். விபத்து நடந்தால் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஆவ்னிங்கும் (வண்டியின் பக்கத்தில் விரிக்கும் துணிப்பந்தல்) கூரையும் காப்புறுதியில் அடக்கமா (காற்றில் முதலில் உடைவது ஆவ்னிங்தான்), யார் யார் ஓட்டலாம். உட்புறத்தை மாற்றிக் கட்டிய வேன் என்றால் அந்த மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இழுவைக் கேரவனுக்கும் அதே கேள்வி. படுக்கை ஆறு பேருக்கு இருந்தாலும், பெல்ட் உள்ள இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான் ஏறலாம். பின்னிருக்கைக்கும் பெல்ட் 2009 முதல் கட்டாயம். குழந்தை இருக்கை 2020 முதல். ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்காரவே கூடாது.

வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும் கூரையும் தெரிய வீடியோ எடுத்து உடனே உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

5. நாளும் நேரமும்

பள்ளி விடுமுறை, தீபாவளி, மெர்டேக்காவை ஒட்டிய நீண்ட வாரக்கடைசிகளில் நல்ல தளங்கள் வாரக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். முதல்முறை போகிறவர்கள் ஞாயிறு மதியம் போய்த் திங்கள் திரும்பப் பாருங்கள். தளம் காலியாக இருக்கும், இடம் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும். மே முதல் செப்டம்பர் வரை இன்னொன்று இருக்கிறது: சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் பலத்த காற்று. ராத்திரி வானம் தெளிவாக இருந்தது என்று ஆவ்னிங்கை விரித்தபடி தூங்கினால் விடிகாலை ஐந்து மணிக்கு அது கூரையைத் தாண்டிக் கிடக்கும். தூங்கப் போகுமுன் ஆவ்னிங்கைச் சுருட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மைசுவாச்சா செயலியில் வானிலைத் துறையின் எச்சரிக்கையையும், பொது இன்போபஞ்சீர் தளத்தில் ஆற்று மட்டத்தையும் கிளம்பும் நாள் காலையில் பாருங்கள். வழக்கமான செக்-இன் இரண்டு மணி. மாலை நாலு மணிக்குள் சேருவது போல் திட்டமிட்டால், மழை ஒரு மணி நேரம் பிடித்தாலும் ஏழரைக்கு இருட்டுமுன் எல்லாம் நின்றுவிடும்.

6. இறங்கியதும் எதையும் விரிக்காதீர்கள்

முதலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆற்றங்கரை லாட்டுக்குத்தான் எல்லாரும் சண்டை போடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதை அல்ல, எவ்வளவு உயரத்தில் என்பதை. புதர்களிலும் மரத்தண்டுகளிலும் சிக்கியிருக்கும் சருகு, ஞெகிழிப் பை, சுள்ளி ஆகியவற்றின் உயரம்தான் போன வெள்ளம் வந்த மட்டம். உங்கள் படுக்கை அதற்கு மேலே இருக்க வேண்டும். இருக்கவில்லை என்றால் பின்வரிசை லாட் கேளுங்கள். குளிக்க நடந்து போகலாம்.

கெப்பாலா ஆயர் (மலையிலிருந்து ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம்) வரும்போது தளத்தில் வெயிலாகக்கூட இருக்கும். மழை பெய்தது மலையில். தண்ணீர் சட்டென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வருவது, மட்டம் கண்ணெதிரே ஏறுவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது, இதில் எதைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் கரையில் மேட்டுக்கு ஏறுங்கள். எதிர்க்கரையில் செருப்பு இருக்கிறது, போன் இருக்கிறது என்று ஆற்றைக் கடக்கக் கூடாது. சுங்கை சொங்காக், சுங்கை காபாய் பக்கம் தளத்தார் விசில் ஊதினால், கலங்கல் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எழுந்து வாருங்கள்.

அடுத்து அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை, தென்னை, டுரியான் மூன்றுக்கும் கீழே கூடாரமும் வேண்டாம், காரும் வேண்டாம். உலு லங்காட்டிலும் பாலிக் பூலாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் விழும் காலம். ராத்திரியில்தான் அதிகம் விழும். விழுந்த பழத்தை எடுப்பதும் கூடாது, அது தோட்டக்காரருடையது. இலைகளை ஒட்டிப் பந்து போல் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருந்தாலும் அந்தக் கிளையை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

7. வண்டியை நிறுத்துதல், இடைவெளி, மட்டம்

லாட் எல்லை கல்லா, கயிறா, எண் எழுதிய பலகையா என்று தளத்தாரிடம் கேட்டு, எல்லாம் அதற்குள் அடங்க நிறுத்துங்கள். இழுகயிறு, ஆவ்னிங், நாற்காலி, குளிர்பெட்டி எல்லாம் கணக்கில் சேரும். பிரிட்டனின் கேரவன் சங்கத் தளங்களில் இரண்டு கேரவன்களின் சுவர்களுக்கிடையே 6 மீட்டர், ஆவ்னிங் விரித்த பிறகும் நடுவே 3 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமல் இருக்கத்தான். நம் ஊர் லாட்டுகளில் 6 மீட்டர் கிடைப்பது அரிது. ஆனாலும் 3 மீட்டர் வெற்றிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அடுப்பை அந்த இடைவெளியில் வைக்கவும் செய்யாதீர்கள்.

வண்டியின் முகம் வெளிவாசலைப் பார்த்திருக்கட்டும். ராத்திரியில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் பின்னால் எடுத்துத் திருப்ப நேரம் இருக்காது.

இழுவைக் கேரவனை மட்டமாக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் இடம்-வலம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழே ரேம்ப் (சாய்வுக் கட்டை) வைத்து ஏற்றுங்கள். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒருவர், ஓட்ட ஒருவர். பிறகு ஹேண்ட்பிரேக், சக்கரங்களுக்கு அடைக்கட்டை. அதன்பிறகுதான் காரிலிருந்து கழற்ற வேண்டும். முன்-பின் மட்டத்தைக் கேரவனின் முன்முனையில் உள்ள சிறு சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள். கடைசியில் நாலு மூலைக்கால்கள். இவை ஜாக் கிடையாது. வண்டியைத் தூக்க இவற்றைப் பயன்படுத்தினால் வளையும், அடிச்சட்டமும் கெடும். தரையை அழுத்தித் தொட்டால் போதும். நம் ஈரமண்ணில் கால் புதையும், அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அடிச் சதுரப் பலகை வையுங்கள். கேம்பர்வேனுக்கு ரேம்ப் மட்டும் போதும். கேஸில் ஓடும் குளிர்பெட்டி உள்ள வண்டிகள் சரிந்து நின்றால் குளிராது. பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

8. முளையும் கயிறும்

கூடாரத்தின் அடிவிரிப்பு கூடாரத்தைவிட ஒரு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் விழும் மழை அதில் இறங்கி உங்கள் முதுகுக்கு அடியில் ஓடும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் காரணம்.

முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய, ஏறக்குறைய 45 பாகையில் அடியுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் ஈரமண்ணில் பிடிக்காது. 25 அல்லது 30 சென்டிமீட்டர் இரும்பு முளை எட்டுப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜல்லிக்கும் அதுவே. ஒவ்வொரு கயிற்றிலும் வெள்ளைத் துணி கட்டுங்கள், ராத்திரி கழிவறைக்குப் போகும் அடுத்த லாட் பாட்டி தடுக்கி விழாமல் இருக்க.

ப்ளைஷீட்டை (மழைக்கு மேலே கட்டும் விரிப்பு) தட்டையாகக் கட்டுவது மிகப் பரவலான தவறு. ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 100 கிலோ. கம்பம் வளைந்து எல்லாம் அடுப்பு மேல் விழும். ஒரு மூலையை மற்றதைவிட இரண்டடி தாழ்த்தி, தண்ணீர் உங்கள் லாட்டுக்குள்ளேயே வடியும்படி கட்டுங்கள். பக்கத்து வீட்டார் வாசலில் வடிந்தால் முதல் மழையிலேயே பேச்சு வரும்.

9. மின்சாரம்

பெரும்பாலான தளங்களில் கிடைப்பது 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்குதான். 230 வோல்ட்டில் அது சுமார் 3,000 வாட். தண்ணீர் கெண்டி 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டாகும். ஒரே பிரேக்கரில் நாலு லாட்டுகளைக் கோத்திருந்தால் உங்களோடு சேர்ந்து மற்ற மூன்று குடும்பமும் இருட்டில் உட்காரும். அதனால் சமையலுக்கு கேஸ், மின்சாரம் விளக்கு, காற்றாடி, போன், ரைஸ் குக்கருக்கு.

கேரவனில் வரும் நீலநிற வட்டப் பிளக் 16 ஆம்பியருக்கானது. அதை 13 ஆம்பியருக்கு மாற்றும் இணைப்பு கையில் இருக்க வேண்டும். உள்ளே எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, முதலில் கேரவன் பக்கம் சொருகி, பிறகு தளத்தின் பிளக்கில் சொருகுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

வயர் ரீல் சிரிம் தர முத்திரை உள்ளதாக, 1.5 சதுர மில்லிமீட்டர் வயருடன் வாங்குங்கள். கொஞ்சம் தூரம்தான் என்றாலும் முழுவதும் அவிழ்த்து விட வேண்டும். சுருட்டியபடி சுமை ஏற்றினால் உள்ளே சூடேறி உறை உருகும். இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. நாற்காலி உயரத்தில் தொங்கவிட்டு, மழைக்கு மேலே மூடி, கீழே திறந்திருக்கட்டும். தளத்தின் பெட்டியில் இஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லை என்றால் அங்கே மின்சாரமே வேண்டாம்.

10. அடுப்பு, நெருப்பு, புகை

சிறிய டின் கேஸ் அடுப்பில் பெரிய குவாலி வைத்து ஆட்டிறைச்சி வதக்குவது வெடிவிபத்துக்கு நேர்வழி. பாத்திரமோ இரும்புத் தட்டோ டின் இருக்கும் பகுதிக்கு மேல் நீண்டால் வெப்பம் கீழே அடித்து டின் சூடாகும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து ஒரே அண்டாவை ஏற்றுவதும் அதேதான். பத்துப் பேருக்கு மேல் சமைப்பதென்றால் வீட்டுக் கேஸ் தோம்பும் (சிலிண்டர்) இரும்பு அடுப்பும் கொண்டுபோய்த் திறந்தவெளியில் வையுங்கள்.

கரி அடுப்பு அணைந்துவிட்டது போல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை. மழை வந்தாலும் கூடாரத்துக்குள், மூடிய ஆவ்னிங்குக்குள் கொண்டுவரக் கூடாது. என்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் ஏசியில் தூங்குவதும், ஜெனரேட்டரை வேனின் ஜன்னலடியில் வைப்பதும் இதே ஆபத்து. கேம்பர்வேனில் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

விறகு நெருப்பு தளத்தார் காட்டும் இடத்தில் மட்டும், அதுவும் கால் உள்ள இரும்புத் தட்டில். புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரம் கெட்டால் திறந்தவெளி நெருப்புக்குத் தடை வரும்; கேஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

11. அக்கம்பக்கம்

தளத்தாரைப் பார்த்ததும் பக்சிக், மக்சிக் (மலாயில் மாமா, அத்தை போல) என்று கூப்பிட்டு ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் கார் சேற்றில் மாட்டினால் தள்ள வருபவர் அவர்தான்.

அடுத்தவர் லாட்டின் குறுக்கே நடப்பது, வீட்டு வரவேற்பறைக்குள் குறுக்கே நடப்பது போலத்தான். ஆற்றுக்குக் குறுக்குவழியாக இருந்தாலும் சுற்றிப் போங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பின்னால் வரும் சித்தப்பா குடும்பத்துக்கென்று நாற்காலி போட்டுக் காலி லாட்டைப் பிடித்து வைக்காதீர்கள். பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள்.

அமைதி நேரம் பெரும்பாலும் ராத்திரி 11 முதல் காலை 7 வரை. ஸ்பீக்கரில் உருமி மேளமும் சினிமாப் பாட்டும் போட ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது உங்கள் லாட் எல்லையைத் தாண்டிக் கேட்டால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். பாங்கு சொல்லும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். நம்மவர்கள் கூட்டமாகப் பேசும்போது தொண்டை தானாக உயரும். பாட்டை நிறுத்தியும் புகார் வந்தால் காரணம் அதுதான். தாமதமாக வந்தால் பெரிய விளக்கைத் தணித்து, கார்க் கதவை ஒரே முறை சாத்துங்கள்.

பக்கத்து லாட்டில் மாட்டிறைச்சி சுடுகிறார்கள் என்றால் நாற்காலியைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம், அல்லது வேறு லாட் கேட்கலாம். புகார் செய்ய அதில் ஒன்றுமில்லை; நாம் பொரிக்கும் நெத்திலிக் கருவாட்டின் மணமும் வேலி தாண்டித்தான் போகிறது.

சுராவ் (சிறு தொழுகைக்கூடம்) இருக்கும் தளங்களில் அதன் திண்ணை சாப்பாட்டு இடம் கிடையாது. ஆற்றில் குளிக்க உடைவிதி இருந்தால் ஆண்களுக்கும் சேர்த்துத்தான். ஆற்றோரம் பூசை செய்கிறவர்கள் தேங்காய் மூடி, எலுமிச்சை, துணி, அகல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுத் தொட்டியில் கறிக்குழம்புப் பாத்திரம் கழுவுமுன் காகிதத்தால் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் குழாயை அடைத்தால், உங்களுக்குப் பிறகு நிற்கும் பத்துக் குடும்பங்களுக்கும் தண்ணீர் தேங்கும்.

12. கழிவு, குரங்கு, பாம்பு

கேரவனின் கழிவறைப் பெட்டியைக் காலி செய்ய எங்கே இடம் என்று முதலிலேயே கேளுங்கள். பல தளங்களில் இருக்காது, வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். குளோரின், பார்மால்டிஹைடு கலந்த திரவம் தளத்தின் மலத்தொட்டியில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட ஆற்றில் ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டை ராத்திரி காருக்குள் பூட்டுங்கள். வெளியே விட்டால் விடிந்ததும் குரங்கு, இருட்டில் எலி. எலியைத் தேடிப் பாம்பு வரும். கூடாரத்தைச் சுற்றி உப்பும் கந்தகமும் தூவினால் பாம்பு வராது என்பதை நம்பி ஜிப்பைத் திறந்துவைக்காதீர்கள். ஜிப்பை மூடுவதுதான் காவல். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், காலை அசைக்காமல் 999-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். உலு லங்காட்டிலிருந்து காஜாங் அல்லது அம்பாங், ஜண்டா பைக்கிலிருந்து பெந்தோங், கோல குபு பாருவில் ஊருக்குள்ளேயே மருத்துவமனை உண்டு. சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று முதல் நாளே கண்டுபிடித்து வைப்பது நல்லது.

எலியை அண்டவிடாமல் இருக்க எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் இன்னொரு காரணம். உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கி மட்டும்தான் பார்ப்பார்கள்.

13. கிளம்பும் காலை

செக்-அவுட் பெரும்பாலும் 12 மணி. பிரிக்க ஆகும் நேரம் போட்ட நேரத்தைவிட அதிகம், ஒன்பதரைக்குத் தொடங்குங்கள். முளைகளை எண்ணி எடுங்கள். புல்லில் மறைந்த ஒரு முளை அடுத்தவர் டயரையோ பிள்ளையின் காலையோ குத்தும். கேரவனில் மூலைக்கால்களைத் தூக்கியாயிற்றா, கூரை ஜன்னல் மூடியாயிற்றா, வயர் கழற்றியாயிற்றா, பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவர் சுற்றிவந்து பார்த்த பிறகே நகர்த்துங்கள். காராக் சாலை இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிவிடும்.

காலி லாட்டைப் படம் எடுத்துத் தளத்தாருக்கு அனுப்பிவிட்டு, வைப்புத்தொகையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அனுப்புகிறேன் என்றால் தேதியை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். கூடாரம் ஈரமாக மடித்து வந்திருந்தால் அன்றைக்கே பல்கனியிலோ படிக்கட்டுக் கைப்பிடியிலோ விரித்துக் காயப் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், பிடித்த கறை போகாது.